ஏரியின் மேல் படர்ந்த புகை: ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டில் எவ்வளவு உண்மை?

நீங்கள் கேட்டது இது: டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டில் ஒரு சூதாட்ட விடுதி எரிந்துபோவதாக வருகிறதே, அது நிஜமாக நடந்ததா, அவர்கள் கச்சேரியில்தான் தீப்பிடித்ததா, அதில் ஆட்கள் இறந்தார்களா? கூடவே, நாலே சுரத்தில் முடிந்துபோகும் ஒரு கிட்டார் வரியை உலகமே ஏன் இப்படிக் கொண்டாடுகிறது, இது சுலபமான பாட்டுத்தானே என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தீ நிஜம். கச்சேரி அவர்களுடையது அல்ல, அமெரிக்க ராக் இசைக்காரர் பிராங்க் ஸாப்பாவுடையது. யாரும் இறக்கவில்லை. பாட்டில் ‘இறந்தது’ என்று ஒரு சொல் வருவது உண்மைதான். ஆனால் அது மனிதர்களைப் பற்றியது இல்லை, அந்தக் கட்டடத்தைப் பற்றியது. பயங்கரமான சத்தத்தோடு கட்டடம் செத்து விழுந்தது என்று பாடுகிறார்கள். உங்களுக்கு வந்த சந்தேகம் அங்கிருந்து வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்விக்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இருபது வருஷத்துக்கு மேல் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். வகுப்புக்கு வரும் பையன்களில் பாதிப் பேர் சுருதி சேர்க்கக் கற்பதற்கு முன்பே இந்த வரியை ஒரே கம்பியில் தடவித் தடவி வாசித்துக் காட்டுவார்கள். அதனால் இந்தப் பாட்டோடு எனக்குத் தினசரிப் பழக்கம். பாட்டின் வரலாற்றைப் பொறுத்தவரை நான் நேரில் பார்த்தவன் இல்லை. அந்தக் குழுவினரும் ஸாப்பாவும் பிற்பாடு சொன்னவற்றையும் எழுதியவற்றையும் ஒப்பிட்டுப் படித்து வந்ததுதான் என் அறிவு. வாசிப்பு பற்றிச் சொல்வதை என் கைப்பழக்கத்திலிருந்தே சொல்கிறேன்.

1968இல் இங்கிலாந்தில் தொடங்கிய குழு டீப் பர்ப்பிள். நாம் பேசும் காலத்தில் அதில் ஐந்து பேர்: பாடகர் இயன் கில்லன், கிட்டார் ரிச்சி பிளாக்மோர், ஆர்கன் ஜான் லார்ட், பேஸ் கிட்டார் ரோஜர் குளோவர், டிரம்ஸ் இயன் பெய்ஸ். லார்ட் மேற்கத்திய செவ்வியல் இசையில் ஊறியவர். 1969இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஒரு முழு சிம்பொனி இசைக்குழுவையும் இந்த ராக் குழுவையும் ஒரே மேடையில் உட்காரவைத்து, தானே எழுதிய படைப்பை அரங்கேற்றியவர். பிளாக்மோருக்கு வேறு ஆசை, சத்தமான, முரட்டுத்தனமான ராக். இந்த இழுபறியில்தான் குழுவின் சுவையே இருக்கிறது. 1971 கடைசியில் அடுத்த ஆல்பத்துக்கு அவர்கள் ஸ்டுடியோவைத் தேடவில்லை. மேடையில் வாசிக்கும்போது வருகிற உயிர்ப்பு நாலு சுவருக்குள் பஞ்சு ஒட்டிய அறையில் வரவில்லை என்பது அவர்கள் குறை. அதனால் ஒரு பெரிய கூடத்தில் வாசித்து அங்கேயே பதிவு செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோன்த்ரோ ஊரின் கசினோ கூடம், அதாவது பாட்டில் வரும் அந்தச் சூதாட்ட விடுதியின் கூடம், பேசி முடிக்கப்பட்டது. பதிவுக்கருவிகள் மொத்தத்தையும் ஒரு லாரிக்குள் அடக்கி வைத்திருந்த ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள்.

கசினோவில் குளிர்காலத்துக்கு முந்தைய கடைசிக் கச்சேரி ஒன்று மிச்சமிருந்தது. அது முடிந்ததும் கூடம் இவர்கள் கைக்கு வரும். அந்தக் கச்சேரிதான் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும் வாசித்த மதியக் காட்சி. தேதி 1971 டிசம்பர் 4. டீப் பர்ப்பிள் குழுவிலிருந்தும் ஆட்கள் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ‘கிங் காங்’ என்ற உருப்படியில் டான் பிரெஸ்டன் தனியாகச் சிந்தசைசர் வாசித்துக்கொண்டிருந்த நேரம், கூட்டத்திலிருந்து யாரோ எதையோ கூரையை நோக்கி விட்டார்கள். உட்கூரை முழுக்கப் பிரம்பு வேய்ந்தது. பற்றிக்கொண்டது.

அந்தக் கச்சேரியின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. ரசிகர்கள் திருட்டுத்தனமாகப் பரப்பிவந்த அதைப் பிற்பாடு ஸாப்பா தரப்பிலேயே வெளியிட்டார்கள். வாத்தியங்கள் நின்றுபோவதும், அவசரப்படாமல் வாசலை நோக்கிப் போகச்சொல்லி ஸாப்பா நிதானமாகக் கூட்டத்திடம் பேசுவதும் அதில் கேட்கும். முடிந்தால் அதைத் தேடிக் கேளுங்கள். மேடையில் நின்ற ஒரு மனிதர் குரலை உயர்த்தாமல் பேசியதால் எத்தனை பேர் மிதிபடாமல் வெளியே வந்திருப்பார்கள் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். கட்டடம் முழுசாக எரிந்தது. மதர்ஸ் குழுவின் வாத்தியங்களும் கருவிகளும் அதோடு போயின. உயிர்ச்சேதம் இல்லை.

உறுதியானது இவ்வளவு. சந்தேகத்துக்குரியவற்றையும் சொல்லிவிட வேண்டும். கூரையை நோக்கி விடப்பட்டது என்ன? பாட்டு சொல்வது, கடலில் ஆபத்து என்றால் வானத்தில் சுடும் சமிக்ஞைத் துப்பாக்கி. ஸாப்பா தன் சுயசரிதையில் வாணமாகவோ மத்தாப்புக் குழலாகவோ இருக்கலாம் என்று எழுதினார். மின்கம்பிக் கோளாறு என்று சொன்னவர்களும் உண்டு என்பதையும் அங்கேயே குறித்துவைத்தார். பெரும்பாலோர் துப்பாக்கி என்றே சொல்கிறார்கள். ஆனால் அப்படிச் சொல்பவர்களில் பலர் பாட்டைக் கேட்டுவிட்டுச் சொல்பவர்கள் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுட்டதாக ஓர் ஆளின் பெயர் இணையத்தில் உலவுகிறது. நீதிமன்றத்தில் நிரூபணமாகாத ஒன்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பாட்டில் செல்லப்பெயர் வைத்து அழைக்கப்படும் ‘க்ளோட்’ யார் என்று பலருக்குத் தெரிவதில்லை. அவர் க்ளோட் நோப்ஸ், சமையல் தொழில் கற்றவர், மோன்த்ரோவின் சுற்றுலா அலுவலகத்தில் வேலை பார்த்தவர். 1967இல் தொடங்கிய மோன்த்ரோ ஜாஸ் விழா அவர் முயற்சியில் பிறந்தது. அந்த மதியம் எரிகிற கட்டடத்துக்குள் ஓடுவதும் வருவதுமாக இருந்து பிள்ளைகளை வெளியே இழுத்துப்போட்டவர் அவர்தான். பாட்டு அதை அப்படியே சொல்கிறது. ஆல்பத்தையும் குழுவினர் அவருக்கே சமர்ப்பணம் செய்தார்கள். அந்தப் பாட்டில் நாயகன் என்று ஒருவர் உண்டென்றால் அவர் நோப்ஸ்தான், கிட்டார்க்காரரோ பாடகரோ இல்லை.

ஸாப்பாவின் கஷ்டம் அதோடு முடியவில்லை. ஆறு நாள் கழித்து, டிசம்பர் 10ஆம் தேதி, லண்டன் ரெயின்போ அரங்கில் வாடகை வாத்தியங்களோடு வாசித்தார். பார்வையாளர் ஒருவன் மேடையேறி அவரைக் கீழே வாத்தியக்காரர்கள் உட்காரும் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டான். பல மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார். குரல்வளை நசுங்கியதில் அவர் பேச்சுக்குரலே ஒரு படி இறங்கிப்போனது. டீப் பர்ப்பிள் ரசிகர்கள் இந்தத் தீயைத் தங்கள் குழுவின் கதையாகவே சொல்வார்கள். உண்மையில் அந்த வாரத்தில் அதிகம் இழந்தவர் ஸாப்பா. 1993இல் அவர் இறந்ததும் டிசம்பர் 4ஆம் தேதியில்தான்.

சரி, கூடம் எரிந்துபோயிற்று. வாடகை லாரி நிற்கிறது, நாள் ஓடுகிறது. ஊருக்குள் இருந்த பெவிலியன் என்ற அரங்கை நோப்ஸ் பிடித்துக்கொடுத்தார். அங்கே வாத்தியங்களைப் பரப்பி முதலில் எடுத்தது, பெயரே வைக்காத ஒரு உருப்படி. பிளாக்மோர் கொண்டுவந்த ஒரு கிட்டார் வரி, அதைச் சுற்றி மற்ற நால்வரும். பாட்டு வரி எதுவும் கிடையாது. கதவு ஜன்னல் அதிர இரவில் வாசித்தால் சுவிஸ் ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? புகார் போய்ப் போலீஸ் வந்துவிட்டது. வெளியே அதிகாரிகள் கதவைத் தட்டுகிறார்கள், உள்ளே குழுவின் சுமையாட்கள் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறார்கள், இவர்கள் கடைசித் தடவையாக வாசித்து முடிக்கிறார்கள். குளோவர் பல பேட்டிகளில் இதைச் சொல்லியிருக்கிறார். அன்று கிடைத்த அந்த ஒரு வாசிப்புத்தான் நாம் இன்றைக்கும் ஸ்டுடியோ பதிவாகக் கேட்பது. அந்த உருப்படியில் ஓர் அவசரமும் தெரியாமல் அடி அடியாக நிதானமாக நடக்கிறதே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். மறுபடி பெவிலியனுக்குள் அவர்களை விடவில்லை.

கடைசியில் கிடைத்தது கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்காக மூடிக்கிடந்த கட்டடம், ஆள் இல்லை, சூடு இல்லை. தாழ்வாரத்தின் ஒரு மூலையில் வாத்தியங்களை வைத்து, எதிரொலியை அடக்க மெத்தைகளை அடுக்கி, பதிவு நடக்கிறது என்பதற்கு அடையாளமாகச் சிவப்பு விளக்கு மாட்டி, தொழிற்சாலைச் சூடேற்றிகளை ஓடவிட்டு வேலை பார்த்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பர்ச் வெளியே லாரிக்குள். தாங்கள் வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி வழியாகப் பனியில் நடந்து லாரிக்குப் போக வேண்டும். இரண்டு நாளில் அலுத்துவிட்டது. கேட்டுப் பார்ப்பதையே விட்டுவிட்டு, நன்றாக வந்ததாகத் தோன்றினால் அடுத்த பாட்டுக்குப் போனார்கள். ‘மெஷின் ஹெட்’ ஆல்பத்தில் தேய்த்து மெருகேற்றாத ஒரு சூடு இருப்பதற்கு இதுவும் காரணம் என்பது என் எண்ணம். மொத்த ஆல்பமும் அந்த டிசம்பர் மாதத்துக்குள்ளேயே முடிந்தது.

தலைப்பு வந்த விதமும் உறுதியாகச் சொல்லக்கூடியதுதான். தீ நடந்து சில நாள் கழித்து ஒரு காலையில் குளோவர் தூக்கத்திலிருந்து எழும்போது வாயில் அந்த நாலு சொல் இருந்தது. தீ நடந்த அன்று ஹோட்டல் ஜன்னலிலிருந்து அவர்கள் பார்த்த காட்சி அது. மலையிலிருந்து இறங்கிய காற்று புகையைத் தள்ளிக்கொண்டுபோய் ஏரி முழுக்கப் பரப்பியிருந்தது. கில்லனிடம் சொன்னபோது அவர்களுக்கு வந்த தயக்கம், இது கஞ்சாப் பாட்டு என்று நினைத்துவிடுவார்களே என்பதுதான். அதனால் தலைப்பைக் கொஞ்ச நாள் ஒதுக்கியே வைத்தார்கள். பிறகு ஆல்பத்துக்குச் சில நிமிடம் போதாமல் போனது. பெவிலியனில் எடுத்த அந்தப் பெயரில்லாத உருப்படியை வெளியே எடுத்தார்கள். அதற்கு என்ன எழுதுவது? வந்ததிலிருந்து நடந்ததை எழுதிவிடுவோம் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் பாட்டின் பலம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அந்தக் காலத்து ராக் பாட்டுகளில் கார் இருக்கும், காதல் இருக்கும், மந்திரவாதியும் பேயும் இருக்கும். இதில் ஊர்ப் பெயர் இருக்கிறது, யார் கச்சேரி என்று இருக்கிறது, யார் ஓடி ஓடிக் காப்பாற்றினார் என்று இருக்கிறது, வாடகை லாரி யாருடையது என்று இருக்கிறது, பழைய கட்டில்கள்கூட இருக்கின்றன. தபாலில் வீட்டுக்கு எழுதும் கடிதத்தில் இவ்வளவுதான் எழுதுவோம். ஒப்பனை கிடையாது. கடைசிக் கண்ணியில், இதிலிருந்து எங்களுக்கு எது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இந்த இடத்தை மறக்கமாட்டோம் என்கிறார்கள். இதிலிருந்து என்ன கிடைக்கப்போகிறது என்று அப்போது அவர்களுக்கு நிஜமாகவே தெரியாது.

இனி அந்தக் கிட்டார் வரி. ராக் இசைக்காரர்கள் இதை ரிஃப் என்பார்கள், பல்லவிபோலத் திரும்பத் திரும்ப வந்து பாட்டைத் தாங்கும் வரி. கையில் கிட்டார் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நாலாவது, மூன்றாவது கம்பிகள் இரண்டு மட்டும் போதும், அதாவது டி, ஜி. இரண்டையும் சேர்த்தே மீட்ட வேண்டும். கட்டை என்று நான் சொல்வது சுருதியை அல்ல, கிட்டார் கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டை. திறந்த கம்பி, மூன்றாம் கட்டை, ஐந்தாம் கட்டை. மறுபடி திறந்த கம்பி, மூன்று, ஆறு, ஐந்து. மறுபடி திறந்த கம்பி, மூன்று, ஐந்து, மூன்று, திறந்த கம்பி. எண்ணிப் பாருங்கள்: முதல் தடவை மூன்று அடி, அடுத்து நாலு, அடுத்து ஐந்து. கேள்வி கேட்டு, அதையே இன்னும் அழுத்திக் கேட்டு, பதில் சொல்லி வீட்டுக்குத் திரும்பிவருகிற அமைப்பு. நம் சுரப் பெயரில் சொன்னால் மேல்கம்பி ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம். நடுவில் ஒரே ஒரு தடவை பிரதி மத்யமத்தைத் தொட்டுவிட்டு உடனே சுத்த மத்யமத்துக்கு வழுக்குகிறது. அந்தப் பிரதி மத்யமம்தான் பாட்டின் உப்பு. அதை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், சப்பென்று இருக்கும்.

கீழ்க்கம்பியில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு நாலாம் சுரம் தள்ளிக் கீழே இருக்கும் சுரம் கூடவே ஒலிக்கிறது. ச ஒலிக்கும்போது மந்தர பஞ்சமம், மத்யமம் ஒலிக்கும்போது கீழே ச. பெரும்பாலான பிள்ளைகள் இதைத் தலைகீழாகப் போட்டு ஐந்தாம் சுர ஜோடியாக வாசிப்பார்கள், ராக் இசையில் வழக்கமாகச் சேர்த்து ஒலிக்கும் சுரங்கள் (கோர்ட்) அவைதான் என்பதால். கனமாகக் கேட்கும், ஆனால் இந்தப் பாட்டாகக் கேட்காது. இன்னொரு தவறு மீட்டும் விதத்தில். பிளெக்ட்ரமால், அதாவது கம்பியை மீட்டும் சின்ன வில்லையால், அடித்தால் ஒரு கம்பி முந்தியும் அடுத்தது ஒரு நூலிழை பிந்தியும் ஒலிக்கும். பிளாக்மோர் பிளெக்ட்ரத்தை விட்டுவிட்டு விரல்களால் இரண்டு கம்பியையும் ஒரே சமயம் கிள்ளி எடுக்கிறார். இரண்டு சுரமும் ஒட்டிப்பிறந்த மாதிரி வருவது அதனால். வகுப்பில் இதைக் காட்டும்போது பையன்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷமாக வாசித்துக்கொண்டிருந்த ஒன்று, விரலை மாற்றியதும் திடீரென்று ரெக்கார்டில் கேட்டதுபோல ஒலிக்கும்.

கனமான சத்தத்துக்குக் கிட்டார் மட்டும் பொறுப்பில்லை. முதலில் கிட்டார் தனியாக வரும். அடுத்த சுற்றில் ஜான் லார்டின் ஹாமண்ட் ஆர்கனும் பெய்ஸின் ஹை-ஹாட் (டிரம்ஸில் இருக்கும் ஜோடித் தாளத்தட்டு) தாளமும் சேரும். அந்த ஆர்கனைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டு அதன் ஒலியை வேண்டுமென்றே கரகரவென்று உடையவைத்திருக்கிறார் லார்ட். அது இன்னொரு கிட்டார் என்றே பலர் நினைக்கிறார்கள். அப்புறம் டிரம்ஸ், கடைசியில் குளோவரின் பேஸ். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு ஆள் வந்து உட்காருகிற மாதிரி. பாடகர் வாய் திறப்பதற்குள் பாட்டு நமக்குப் பழகிவிடுகிறது.

ரிஃப் எங்கிருந்து வந்தது என்பதில் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் திருப்பிப்போட்டதுதான் என்று பிளாக்மோரே சொல்லியிருக்கிறார். இரண்டையும் வாசித்துப் பார்த்தவன் என்ற முறையில், சின்னத் துணுக்கை விடாமல் திருப்பிச் சொல்வது என்ற ஒற்றுமைக்கு மேல் எனக்கு எதுவும் கேட்கவில்லை. பிரேசில் இசையமைப்பாளர் கார்லோஸ் லீராவின் 1960களின் பாட்டு ஒன்றோடு ஒப்பிட்டு, அங்கிருந்து எடுத்தது என்பவர்களும் இருக்கிறார்கள். கேட்டால் சாயல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ப்ளூஸ் சுரங்களில் நாலை எடுத்து அடுக்கினால் இரண்டு பேருக்கு ஒன்றுபோல வருவது அதிசயம் இல்லை. சாயலை வைத்துத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன்.

‘மெஷின் ஹெட்’ 1972 மார்ச்சில் வந்தது. இந்தப் பாட்டு ஜெயிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. தனி ரெக்கார்டாக முதலில் விட்டது அதே ஆல்பத்தின் ‘நெவர் பிஃபோர்’ பாட்டை, அது பெரிதாக எடுபடவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து, 1973 மே மாதம் அமெரிக்காவில் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ தனியாக வெளியாகி, அந்தக் கோடையில் அமெரிக்கப் பாட்டுகளின் தரவரிசையான பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. அப்போது நடந்ததுதான் எனக்கு மனசு கனக்கும் பகுதி. வருஷக்கணக்கில் ஓய்வே இல்லாத பயணம், கில்லனுக்கும் பிளாக்மோருக்கும் பேச்சே இல்லாத நிலை. 1973 ஜூன் 29 அன்று ஒசாகாவில் வாசித்ததோடு கில்லனும் குளோவரும் குழுவைவிட்டுப் போய்விட்டார்கள். கனவில் தலைப்பைக் கண்டவரும் அதைப் பாடியவரும் வெளியேறிய சில வாரத்தில் பாட்டு உச்சத்துக்குப் போனது. புதிதாகச் சேர்ந்த டேவிட் கவர்டேல், தான் பார்த்தே இராத ஒரு தீயைப் பற்றி மேடை மேடையாகப் பாடினார். 1984இல்தான் ஐந்து பேரும் மறுபடி ஒன்றுசேர்ந்தார்கள்.

1988 டிசம்பரில் ஆர்மீனியாவில் பெரிய பூகம்பம் வந்தபோது, நிவாரணத்துக்காகப் பல ராக் கலைஞர்கள் சேர்ந்து மறுபடி பதிவு செய்தது இந்தப் பாட்டைத்தான். கில்லனும் பிளாக்மோரும் இருவருமே அதில் உண்டு. மோன்த்ரோவில் கசினோ 1975இல் புதிதாக எழும்பியது. ஏரிக்கரையில் இந்த ரிஃபின் இசைக்குறிகளைத் தாங்கிய ஒரு நினைவுச் சின்னமும் நிற்கிறது.

கடைசியாக, இது சுலபமான பாட்டுத்தானே என்ற உங்கள் எண்ணத்துக்கு ஒரு தகவல். 1972 ஆகஸ்ட் 15, 16, 17 ஆகிய மூன்று இரவுகள் ஒசாகாவிலும் தோக்கியோவிலும் அவர்கள் வாசித்ததிலிருந்து தொகுத்ததுதான் ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பம். அதில் பெரும்பாலான பாட்டுகள் 16ஆம் தேதி வாசித்தவை. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ மட்டும் 15ஆம் தேதி இரவிலிருந்து எடுக்கப்பட்டது. தொடக்க ரிஃபை பிளாக்மோர் சரியாக வாசித்தது அந்த ஒரு இரவில்தான்.